டவர் சூட்டுக்கு இளநீர்

ஞாயிற்றுக்கிழமை பூசையில் சுவிசேஷ வாசகத்துக்கு எல்லோரோடும் சேர்ந்து எழுந்து நின்றேன். சாமியார் பிரசங்கத்தைத் தொடங்குவதற்குள் கோவில் தரையில் கிடந்தேன். பிரசங்கத்துக்குத் தப்பிக்க இப்படியும் ஒரு வழியா என்று என் மனைவி பின்னால் ஒரு நாள் கேட்டாள். அன்றைக்கு அவள் அழுதுகொண்டிருந்தாள். ராஜபாளையத்தில் எடுத்த ஈ.சி.ஜி.யைப் பார்த்த டாக்டர் என்னை வீட்டுக்குக்கூட விடாமல் ஆம்புலன்சில் ஏற்றி மதுரைக்கு அனுப்பினார். நான்காம் நாள், இடது காறை எலும்புக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒரு பேஸ்மேக்கரோடு படுத்திருந்தேன்.

மதுரை டாக்டர் பொறுமைசாலி. இதயத்தின் மேல் அறையிலிருந்து கீழ் அறைக்குப் போக வேண்டிய மின்சாரத் தகவல் போகவில்லை, அதனால்தான் மயக்கம் என்று படம் போட்டு விளக்கினார். லிங்க் ஃபெயிலியர் என்று சொல்லுங்கள் என்றேன். சிரித்தார். அந்த லிங்கைத்தான் இந்த மெஷின் இனி கொடுக்கப்போகிறது என்றவர், நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். மொபைல் டவர் ஏறுகிறேன் என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது.

பதினெட்டு வருஷமாக அதுதான் என் வேலை. ஒரு ஒப்பந்தக்காரரிடம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீசில். மகாராஜபுரம் பக்கமிருந்து தேவதானம் வரைக்கும் நான் ஏறாத டவர் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டவர் உண்டு, பாதி ஏறியதும் ஆண்டாள் கோவில் கோபுரம் எதிரே நம்மோடு சமமாக நிற்கும். தேவதானம் டவரின் உச்சியில் நின்றால் அய்யனார் கோவில் மலையில் மழை இறங்குவதை ஊருக்கு முன்னால் நாம் பார்த்துவிடலாம். சர்ச்சுக்கு வெள்ளைச் சட்டையும் டவருக்குக் கயிறு பெல்ட்டும் போட்டுக்கொண்டு இத்தனை வருஷம் வாழ்ந்தவனிடம் கீழே நின்று கேட் திறந்துவிடு என்றால் எப்படி இருக்கும்? அந்தக் கட்டிலில் படுத்தபடியே முடிவு செய்துவிட்டேன். திரும்ப ஏறுவேன். யார் என்ன சொன்னாலும் ஏறுவேன்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது இரண்டு பக்கத் தாள் ஒன்று கொடுத்தார்கள். டி.வி., மிக்சி, மைக்ரோவேவ் எல்லாம் பயன்படுத்தலாம். செல்போனை மெஷினிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும், சட்டையின் இடது பையில் போடக் கூடாது, வலது காதில் வைத்துப் பேச வேண்டும். கடைசி வரி எனக்காகவே எழுதியது போல இருந்தது. மொபைல் டவர் ஆன்டெனாக்களுக்கு அருகில் வேலை செய்கிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வேலைக்குத் திரும்பக் கூடாதாம். என் மனைவி அந்தத் தாளைக் கையில் வாங்கியதோடு சரி, அதற்குப் பிறகு என் கண்ணில் காட்டவில்லை. அவளுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்து இரண்டு நாளில் என் சட்டைகள் எல்லாவற்றிலும் இடது பையின் வாயைத் தைத்துவிட்டாள். மொத்தம் பதினோரு சட்டை. கல்யாணத்துக்குப் போடுகிற பட்டுச் சட்டையையும் விடவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ சொன்னார்கள் என்று என் போனில் ஏதோ ஒரு எண்ணை அழுத்தி, அந்தப் போன் உடம்புக்குள் எவ்வளவு கதிரை விடுகிறது என்ற கணக்கையும் திரையில் வரவழைத்துவிட்டாள். நல்ல நம்பரா கெட்ட நம்பரா என்று கேட்டாள். லிமிட்டுக்குள்ளதான் இருக்கு, பயப்படாதே என்றேன்.

"அப்ப லிமிட்டுன்னு ஒண்ணு இருக்குல்லா? அது ஒங்களுக்கும் உண்டுல்லா?" என்றாள்.

அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. டவருக்குப் பயந்த ஊர்களுக்கெல்லாம் பதினெட்டு வருஷம் நான் சொன்ன லிமிட் பாடத்தை எனக்கே ஒப்பிக்கிறாளே என்று இருந்தது.

ஊருக்கு அதற்குள் தீர்ப்பு எழுதி முடித்தாகிவிட்டது. பார்க்க வந்தவர்கள் ஆப்பிளைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்ததும் முதல் பேச்சே டவர்தான். டவர்காரனுக்கே நெஞ்சில் மெஷின் வைத்துவிட்டார்களாம், இனி என்ன அத்தாட்சி வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். நான் டாக்டரிடம் இதைத்தான் முதலில் கேட்டிருந்தேன். ஆன்டெனாவால் இப்படி ஆகும் என்று சொல்ல எங்களிடம் ஆதாரம் இல்லை, உங்கள் வயதில் பலருக்குக் காரணமே தெரியாமல் இது வருகிறது என்றார் அவர். அதைச் சொன்னால் வந்தவர்கள் தலையை ஆட்டுவார்கள், நம்பமாட்டார்கள். என் இதயத்தை ஊரே கூடி ஒரு நோட்டீசாக அடித்து ஒட்டியது போல எரிச்சலாக இருந்தது.

இந்த இடத்தில் எங்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். டவர் உச்சியில் மூன்று திசையைப் பார்த்து ஆள் உயரப் பலகைகள் நிற்கும், அவைதான் ஆன்டெனா. ஒரு திசைக்கு ஒரு செக்டார் என்று பெயர். கதிர் பலகையின் முன்பக்கமாகத்தான் பாய்கிறது. தள்ளிப் போகப் போக மளமளவென்று குறைந்துவிடும், தரைக்கு வந்து சேரும்போது ஒன்றுமில்லாத அளவு. உடம்பு எவ்வளவில் சூடாகத் தொடங்கும் என்று பார்த்து, அதற்குப் பல மடங்கு கீழே ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். எங்களைப் போல வேலை செய்கிறவர்களுக்கு ஒரு கோடு, பொதுமக்களுக்கு அதற்கும் கீழே இன்னொரு கோடு. ஆக, கீழே இருப்பவர்களுக்குக் கவலை இல்லை. பலகைக்கு முன்னால் கை நீட்டும் தூரத்தில் நிற்கிறவனுக்குத்தான் அந்தக் கோடு தாண்டிவிடும். அதனால் முன்பக்கம் போவதற்கு முன்னால் சென்னையில் இருக்கும் கன்ட்ரோல் ரூமுக்குப் போன் செய்து அந்தச் செக்டாரை லாக் செய்யச் சொல்ல வேண்டும். லாக் என்றால் கதிரை நிறுத்துவது. இதுதான் சட்டம். பயிற்சியில் கை தூக்கி ஒப்புக்கொண்டு கையெழுத்தும் போட்டிருக்கிறோம்.

வழக்கம் வேறு. லாக் கேட்டால் ஏன், எதற்கு, எவ்வளவு நேரம் என்று பத்துக் கேள்வி வரும். லாக் ஆனால் அந்தத் திசையில் இருக்கிற ஊர்களில் சிக்னல் போகும், உடனே புகார் வரும், மாதக் கடைசியில் அந்தப் புகாரெல்லாம் நம் தலையில் விழும். அதனால் யாரும் கேட்பதில்லை. பக்கவாட்டில் தொற்றி, பலகையைக் கட்டிப்பிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டு இறங்குவோம். சில நாள் இறங்கும்போது நெற்றியும் கண்ணும் கதகதவென்று இருக்கும். வெயிலாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். நாங்கள் அதற்கு டவர் சூடு என்று பெயர் வைத்திருந்தோம். சூடு என்றால் நம் ஊரில் வைத்தியத்துக்கா பஞ்சம்? இறங்கியதும் இளநீர், சனிக்கிழமை தவறாமல் நல்லெண்ணெய் தேய்த்துக் குளியல். அதோடு போயிற்று. நிஜமாகவே அப்படித்தான் நம்பினோம். உலகத்தில் வேறு எந்த ஊர் டெக்னீஷியனும் கதிர்வீச்சுக்கு எண்ணெய்க் குளியல் போட்டிருக்க மாட்டான்.

என்னோடு ஏறுகிறவன் என் மனைவியின் தம்பி. நாற்பதை நெருங்குகிறான், இரண்டு பெண் குழந்தைகள். அவனை இந்த வேலைக்குக் கொண்டுவந்தவன் நான். பலகையை எப்படிக் கட்டிப்பிடிக்க வேண்டும் என்றும், இறங்கியதும் இளநீர் குடிக்க வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தவனும் நான்தான்.

ஆறு வாரம் கழித்து மதுரைக்குப் பரிசோதனைக்குப் போனோம். என் போனை மெஷினுக்குப் பக்கத்தில் கொண்டுவரச் சொல்லி, கம்ப்யூட்டர் திரையில் கோடுகளைப் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. டாக்டர் தெளிவாகச் சொன்னார். ரோட்டில் நடக்கலாம், டவருக்குக் கீழே நின்று வேலை பார்க்கலாம். ஆனால் ஓடுகிற ஆன்டெனாவுக்கு முன்னால் நிற்கக் கூடாது. அதன் மின் இரைச்சலை இதயத்தின் துடிப்பு என்று எண்ணி மெஷின் தன் வேலையை நிறுத்திவிட வாய்ப்பு உண்டு. எனக்கோ சொந்தத் துடிப்பு அநேகமாக இல்லை. மெஷின் சும்மா இருந்தால் நானும் சும்மா இருந்துவிடுவேன். லாக் செய்துவிட்டு ஏறினால் என்ன என்று கேட்டேன். உயரத்தில் வேலை செய்ய நான்கு மாதம் கழித்துதான் சான்றிதழ் பற்றிப் பேச முடியும் என்றார். அதைவிட, பாதுகாப்புப் பெல்ட்டின் இடது வார் சரியாக மெஷின் மேலேயே ஏறி உட்கார்கிறதே, தவறி விழுந்து வார் இழுத்தால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்டார்.

அவர் முடியாது என்று சொல்லவில்லை, நான்கு மாதம் என்றுதான் சொன்னார். எனக்கு அது போதும். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற ஒரு நண்பரிடம் நாலு உருளை வாங்கிவந்து, மடித்து மடித்து ஒரு திண்டு தைத்து, பெல்ட்டின் வாருக்கு அடியில் கட்டினேன். ஒரு மத்தியானம் மனைவி ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் பெல்ட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். திண்டு வாரைத் தள்ளிப் பிடித்தது. அடடா, பிரச்சனை தீர்ந்தது என்று இருந்தது. திரும்பினால் அவள் அரிசிப் பையோடு வாசலில் நிற்கிறாள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பையை இறக்கி வைத்துவிட்டு, ஊசியை எடுத்து, திண்டில் தையல் விட்டிருந்த இடத்தைச் சரிசெய்து கொடுத்தாள்.

"ஏறணும்னா ஏறுங்க. ஆனா கதிர அணைச்சுட்டு ஏறுங்க. இத்தன வருசமும் அணைக்காமத்தான் ஏறுனியளாம். என் தம்பி நேத்து ஒளறிட்டான்" என்றாள்.

அவனைக் கூப்பிட்டுத் திட்ட வேண்டும் என்று நினைத்தேன். எதற்காகத் திட்டுவது என்று யோசித்தபோது காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை.

அடுத்த வாரம் வேலைக்குத் திரும்பினேன், தரையில் நிற்கும் மேற்பார்வையாளராக. ஏறுகிறவர்களின் பெயரை ஆப்பில் போட்டுப் பெர்மிட் எழுதுவது, கன்ட்ரோல் ரூமோடு பேசுவது, கேட் திறப்பது. எதை வேண்டாம் என்றேனோ அதேதான். நான்கு மாதம்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். முதல் பெரிய வேலை தேவதானத்தில் வந்தது. டவரில் ஒரு செக்டார் விட்டுவிட்டு வருகிறது, ஆன்டெனாவுக்குப் போகும் ஜம்பர் கேபிளை மாற்ற வேண்டும். அதோடு இன்னொரு சிக்கல். டவரை ஒட்டித் தென்னந்தோப்பு வைத்திருக்கிற அக்கா, என் நெஞ்சு மெஷின் கதையைக் கேள்விப்பட்டு, டவர் கேட்டில் தன் பூட்டு ஒன்றைப் போட்டுவிட்டார். பழகின முகம் என்று என்னை அனுப்பினார்கள்.

பழகின முகம்தான். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் எங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தவர் அவர். டவர் வந்த புதிதில் ஊரில் சிலர் பயந்தபோது, ஒன்றும் செய்யாது, நானே தினம் ஏறுகிறேன், என்னைப் பாருங்கள் என்று சொல்லி அவரைச் சம்மதிக்க வைத்தவனும் நானே. காலை பத்து மணிக்கு நானும் மச்சினனும் போய் நின்றபோது, அவர் தோப்பு வேலியோரம் அரிவாளோடு நின்றுகொண்டிருந்தார். சாவி முந்தானையில் முடிந்திருந்தது. நான் மெலிந்துவிட்டேன் என்று முதலில் வருத்தப்பட்டார். பிறகு என் சட்டையின் தைத்த பையையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

என் நெஞ்சுக்கு டவர் காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை என்பதை எடுத்துச் சொன்னேன். கதிர் எப்படிப் போகிறது, கீழே எவ்வளவு குறைகிறது, லிமிட் எதற்காக, அளந்து பார்க்க மீட்டர் கொண்டுவந்து அவர் வீட்டு வாசலிலேயே வைத்துக் காட்டச் சொல்கிறேன் என்பது வரைக்கும் சொன்னேன். எல்லாம் உண்மை. நன்றாகவும் சொன்னேன் என்றே நினைக்கிறேன். அவர் முழுவதும் கேட்டார்.

"அம்புட்டும் சரி தம்பி. எறங்குனதும் டவர் சூடு போவணும்னு எங்கிட்டதான எளநி வாங்கிக் குடிச்சிய? ஒண்ணும் செய்யாதுன்னா அது என்ன சூடு?"

பதினெட்டு வருஷத்தில் எத்தனையோ ஊர்க்கூட்டத்தில் எத்தனையோ கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். இந்தக் கேள்வியை மட்டும் யாரும் கேட்டதில்லை. மச்சினன் தரையைப் பார்த்தான். நாங்கள் குடித்துப்போட்ட இளநீர்க் கூடுகள் வேலியோரம் காய்ந்து கிடந்தன, இன்னும் அள்ளிப்போகவில்லை. அத்தனையையும் எங்களுக்கு எதிரான சாட்சியாக நாங்களே வெட்டச் சொல்லிக் குடித்திருக்கிறோம். வெட்கமாக இருந்தது. காதெல்லாம் சுட்டது, அதற்கு எந்த ஆன்டெனாவும் காரணமில்லை.

"யக்கா, கீழ நிக்கிற ஒங்களுக்கு ஒண்ணும் செய்யாது, அது நெசம். மேல அதுக்கு முன்னால நிக்கிறவனுக்கு அப்படி இல்ல. அணைச்சுட்டுத்தான் நிக்கணும். நாங்க அணைக்காம நின்னோம். அது எங்க தப்பு" என்றேன்.

அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை எடுத்தார். கேட்டைத் திறந்தார். ஆனால் போகவில்லை, பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார். இன்றைக்கு என்ன செய்யப்போகிறோம் என்று பார்க்க நிற்கிறார் என்பது தெரிந்தது.

கன்ட்ரோல் ரூமுக்குப் போன் போட்டேன், வலது காதில் வைத்து. மறுமுனையில் ஒரு தம்பி மரியாதையாகப் பேசினார். அந்தத் திசையில் வேறு டவர் இல்லை சார், லாக் பண்ணினால் மூன்று ஊருக்குச் சிக்னல் போகும், பகல் நேரத்தில் அனுமதி கிடைக்காது, சீக்கிரம் முடித்துவிடுங்கள் என்றார். சீக்கிரம் முடித்துவிடுங்கள் என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இத்தனை வருஷமும் அந்த ஒரு வார்த்தையில்தான் வேலை நடந்திருக்கிறது. நான் போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே மச்சினன் பெல்ட்டை மாட்டிவிட்டான். கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு ஏணிக்கு வந்தான்.

"அத்தான், ரெண்டு நிமிச வேல. நீங்க செத்த நேரம் அந்தப் பக்கம் திரும்பிக்கிடுங்க, முடிச்சுட்டு வாரேன்" என்றான்.

அவன் குரலில் கேட்டது என் குரல்தான். அதே சொற்களை அதே அலட்சியத்தோடு அவனுக்கு நான் சொல்லியிருக்கிறேன். அவனுடைய இரண்டு பெண்களும் என் வீட்டில்தான் பாதி நாள் சாப்பிடுகிறார்கள். எனக்கு வந்தது பயமா கோபமா என்று பிரிக்கத் தெரியவில்லை. ஆப்பைத் திறந்து, பெர்மிட்டில் அவன் பெயருக்கு மேலே என் பெயரைச் சேர்த்தேன். செருப்பை உதறிவிட்டு, அவனுக்கு முன்னால் ஏணியில் கால் வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்காவது படியில் நின்று, வலது கையால் ஏணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டேன். அந்த டவரில் ஏறுவதற்கு வேறு வழி கிடையாது. போனை ஸ்பீக்கரில் போட்டு இடது கையை நீட்டிப் பிடித்தேன், ஒரு சாணுக்கும் மேலே தள்ளி.

"தம்பி, பெர்மிட்ட ரிஃப்ரெஷ் பண்ணுங்க. மொதப் பேரு என் பேரு. எனக்கு நெஞ்சுல பேஸ்மேக்கர் இருக்கு. ஏணியில நிக்கேன். லாக் பண்ண மாட்டோம்னு ஒரு மெயில் போடுங்க, நான் மேல ஏறிருதேன்."

லைனில் காத்திருங்கள் என்று ஒரு பாட்டைப் போட்டுவிட்டார்கள். மச்சினன் கீழே நின்று அத்தான், அத்தான் என்று மெதுவாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். எனக்கு இடது தோள் வலித்தது, கால் லேசாக நடுங்கியது. அரை ஆள் உயரத்தில் நின்றுகொண்டு நடுங்குகிறேனே என்று சிரிப்பும் வந்தது. பாட்டு இரண்டு முறை முதலிலிருந்து ஓடியது. பிறகு வேறு ஒரு குரல், அதிகாரி போல, என் பெயரையும் இடத்தையும் இன்னொரு முறை கேட்டது. சொன்னேன். நாற்பது நிமிஷம் லாக் தந்திருக்கிறோம், முடிந்ததும் சொல்லுங்கள் என்றது. எது முடிந்ததும், வேலையா நானா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

இறங்கி வழிவிட்டேன். மச்சினன் ஏறினான். பலகைக்கு முன்னால் போய் நிமிர்ந்து நின்றான். கட்டிப்பிடிக்கவில்லை, மூச்சைப் பிடிக்கவில்லை, ஜம்பரை நிதானமாகக் கழற்றி, துடைத்து, மாட்டினான். அவன் அப்படி வேலை செய்து நான் பார்த்ததே இல்லை. நானும் அப்படிச் செய்ததில்லை.

இதற்குள் அக்காவின் போனில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக விழுந்து காணாமல் போயின. திருப்பூரில் வேலை பார்க்கிற மகன் அந்த நேரத்துக்குத்தான் கூப்பிடுவானாம். சங்கடமாக இருந்தது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாய் எடுத்தேன்.

"செத்த நேரம் பேசலைன்னா என்ன? ஏறுனவன் எறங்கட்டும்" என்றார் அவர்.

அவன் இறங்கி வந்தபோது இரண்டு இளநீர் சீவித் தயாராக வைத்திருந்தார். மச்சினன் வாங்கத் தயங்கி என்னைப் பார்த்தான். இன்றைக்குச் சூடு ஒன்றும் இல்லையே என்றான். "சூட்டுக்கு ஆரு குடுத்தா? தாகத்துக்குக் குடி" என்றார் அக்கா. கேட் பூட்டை அன்றைக்கே தோப்புக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான்கு மாதம் முடிந்து மதுரைக்குப் போனேன், என் திண்டையும் கையோடு எடுத்துக்கொண்டு. டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், தையல் நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார். பிறகு சான்றிதழ் தர முடியாது என்றார். இந்த முறை மாதக்கணக்கு எதுவும் சொல்லவில்லை. வரும் வழியில் பஸ்சில் மனைவி என் இடது பக்கம் உட்கார்ந்திருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டும்போது கோபுரத்தை ஜன்னல் வழியாக அண்ணாந்து பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது, வந்ததை மறைக்கவும் இல்லை. அவள் என் தைத்த பையின் மேல் கையை வைத்துக்கொண்டு வந்தாள்.

இப்போது பெர்மிட் எழுதும்போது முதல் பெயராக என் பெயரைப் போடுகிறேன். ஏறமாட்டீர்களே, அது பொய்யில்லையா என்று மச்சினன் ஒரு நாள் கேட்டான். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சாமியாரிடமும் சொல்லிப் பார்த்துவிட்டேன். நீ ஏணியில் நிற்கிறாயா இல்லையா என்று மட்டும் கேட்டார். நிற்கிறேன். நான்கு படிக்கு எவனுடைய சான்றிதழும் தேவையில்லை. கன்ட்ரோல் ரூமில் என் பெயரைப் பார்த்ததும் அலுத்துக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன், அலுத்துக்கொள்ளட்டும். வெயிலோ மழையோ, செருப்பை உதறிவிட்டு நான்காவது படியில் ஏறி, ஏணியைக் கட்டிக்கொண்டு போன் போடுகிறேன். எனக்குப் பின்னால் என் மச்சினன் பெல்ட்டோடு நிற்கிறான். லாக் ஆகிவிட்டது என்று பதில் வரும்வரை நான் இறங்குவதில்லை.